உலகம்மாள் கோப்பை, ஆண்களுக்கு மட்டும்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா பெருமையடித்த என் அக்கா உலகுவுக்கு,

நீ போய் இரண்டு சாரல் முடிந்து மூன்றாவது சாரல் தொடங்கிவிட்டது. காலையில் எழுந்தால் மேற்கே மலை தெரியவில்லை, வெறும் மேகம்தான். அருவிகளில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். குற்றாலம் போகிற பஸ்ஸில் படியில் கூட இடமில்லை. இதெல்லாம் உனக்குப் பிடித்த சேதி. பிடிக்காத சேதி ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் குத்துக்கல்வலசையில் ஒரு தலைப்பிரசவம். அந்தப் பெண் வலியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள், பிள்ளையின் தலை தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று வந்தது. "வீராங்கனை உலகம்மாள் நினைவுக் கோப்பைக்கான மாபெரும் சைக்கிள் பந்தயம்!" என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். பிரசவம் பார்க்கிறவள் கையை எடுக்கக் கூடாது. பிள்ளையின் தலையைத் தாங்கியபடியே காதை மட்டும் தெருவுக்குக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் மாமியார்க்காரி, "ஏம்மா, உங்கக்கா பேரையா சொல்லுதான்?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ஜீப்பே சொல்லிவிட்டது. "பந்தயத்தில் ஆண்கள் மட்டும் கலந்துகொள்ளலாம்!"

கேட்டாயா அக்கா? கோப்பைக்குப் பேர் உன் பேர். ஓட்டுவது ஆண்கள் மட்டும். இப்படி ஒரு யோசனை மனிதர்களுக்கு எப்படித்தான் வருகிறது? எழுதிக்கொடுத்தவனுக்குக் கை கூசவில்லையா? கத்தியவனுக்கு வாய் கூசவில்லையா?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். நீ படிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? ஊர் படிக்கட்டும். உன்னைப் பற்றித் தெரியாதவர்களும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நம் அப்பா சமையல்காரர். தென்காசி ரயிலடிப் பக்கம் சின்னதாக ஒரு மெஸ். வருடத்தில் மற்ற மாதங்களில் அதில் ஈ ஓட்டலாம். சாரல் வந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வக்கீல்களும் மிராசுதார்களும் வந்து குற்றாலத்தில் பங்களா பிடித்துத் தங்குவார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வந்தால் அகோரப் பசி எடுக்கும். சாப்பாடு அப்பாவுடையது. அதைச் சூடு ஆறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை உன்னுடையது. வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, பஸ் சாம்பாருக்காகக் காத்திருக்காது.

அப்பாவின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்ட ஆரம்பித்தாய். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் அடுக்குச் சட்டி, பின்னால் கேரியரில் சோற்றுக்கூடை. கணவாய்க்குள் புகுந்து வருகிற மேல்காற்று ஆளையே பின்னால் தள்ளும். சாம்பார் சிந்தினால் அப்பா அடிப்பார், ஆறிப்போனால் வக்கீல்கள் ஏசுவார்கள். அதனால் வேகமும் வேண்டும், ஆட்டமும் கூடாது. காற்றோடு சண்டை போடாமல் குனிந்து, உடம்பைச் சின்னதாக்கி, ஒரே சீராக மிதிக்க நீயே கற்றுக்கொண்டாய். உனக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, "சாம்பார்தான்" என்றாய். அவர்கள் அதை எழுதவில்லை. விளையாட்டாகச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் பந்தயம் பாளையங்கோட்டையில், பெண்களுக்கானது. பாவாடை சங்கிலியில் மாட்டும் என்று பக்கத்து வீட்டு மைதீன் அண்ணன் உனக்கு ஒரு வெள்ளைப் பைஜாமா தைத்துக் கொடுத்தார். அம்மா அதைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "காலு தெரியாம இருந்தாச் சரி" என்றாள். அவ்வளவுதான், நம் வீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. அங்கே ஜெயித்தாய். அப்புறம் மதுரையில் ஜெயித்தாய். அதற்கப்புறம் சென்னையில் மாநிலப் பந்தயம். அங்கே வந்த பெண்கள் வைத்திருந்ததெல்லாம் சீமைச் சைக்கிள், மெலிந்த டயர். நீ ரோட்டோரத்தில் உட்கார்ந்து அப்பா சைக்கிளின் கேரியரையும் மட்கார்டையும் ஸ்பேனரால் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் போனாய். திரும்பி வரும்போது கழுத்தில் பதக்கம் இருந்தது.

நாம் ரயிலை விட்டு இறங்கியபோது நையாண்டி மேளம் அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாட்டு வண்டியில் உன்னை உட்காரவைத்துத் தேர் சுற்றுகிற தெருவெல்லாம் கொண்டுபோனார்கள். சைக்கிள் சங்கத்தின் செயலாளர் தானே மேடையேறி, "தென்காசித் தங்கம்" என்று பேசினார். அவர் பேரை எழுத எனக்கு விருப்பமில்லை. அரிசி மில் வைத்திருப்பவர், ஆகவே மில் அண்ணாச்சி என்றே சொல்கிறேன். அந்தத் தங்கத்தை அடுத்தடுத்த வருடங்களிலும் சென்னைக்கு அனுப்பினார்கள், நீயும் அடுத்தடுத்து ஜெயித்து வந்தாய். ஒவ்வொரு தடவையும் மேளம், மாலை, மில் அண்ணாச்சியின் பேச்சு. வெளியூர்ப் பெண்களை நீ தோற்கடிக்கும்வரை இந்த ஊருக்கு உன்மேல் அப்படி ஒரு பாசம்.

பிறகுதான் சாரல் பந்தயம். செங்கோட்டை கேரளத்துக்குப் போகாமல் நம் பக்கம் சேர்ந்த மறு வருடம். தென்காசிப் பிள்ளையார் கோயில் முன்னால் கிளம்பி, கடையம் போய்த் திரும்பி, குற்றாலம் ஏறி, ஐந்தருவியில் முடிகிற பந்தயம். காலங்காலமாக ஆண்கள்தான் ஓட்டினார்கள். பெண்கள் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. ஒருத்தி வந்து நிற்பாள் என்று யாருக்கும் தோன்றாததால் விதி போடவில்லை. நீ பேர் கொடுத்தபோது மில் அண்ணாச்சி சிரித்தார். "ஓட்டட்டும்வே, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும்ல்லா" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே கோப்பையைப் பிள்ளையார் காலடியில் வைத்துவிடுவார்கள். கோப்பையை யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். ஜெயித்தவன் சாயங்காலம் சன்னிதிக்கு வந்து, தானே குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையாரே கொடுத்த மாதிரி.

பந்தய நாளன்று நீ வீட்டுக்குத் தூரம். பின்கட்டில் பாய் போட்டு, தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அம்மா முதலில் முடியவே முடியாது என்றாள். நீதான் அவளைச் சரிக்கட்டினாய். "எம்மா, நான் ரோட்டுலதான ஓட்டுதேன்? கோயிலுக்குள்ள போகல, திருநீறு வாங்கல. நாலாம் நாள் தலைக்கு ஊத்திட்டுப் போய்க் கோப்பையை எடுத்துக்கிடுதேன்." அம்மா, "எடுக்கப் போறியாக்கும்! ஜெயிச்ச மாதிரிதான் பேசுதா" என்று சிரித்துவிட்டுச் சரி என்றாள்.

சொன்னபடியே செய்தாய். சூடம் காட்டும்போது எல்லோரும் சன்னிதிக்கு நேராக நிற்க, நீ மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெகு தூரம் பின்னால் போய் நின்றாய். கொடி அசைந்து ஆண்கள் எல்லோரும் போன பிறகு அந்தத் தூரத்தையும் சேர்த்து ஓட்டினாய். அன்றைக்கு அந்த ரோட்டில் உன்னைவிட ஆசாரமாக இருந்தவர் எவர்?

கடையம்வரை காற்று முதுகில் அடித்தது, ஆண்கள் பறந்தார்களாம். கடையத்தில் திரும்பியதும் காற்று முகத்துக்கு வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து மிதித்தவர்களெல்லாம் திணறினார்கள். நீ தலையைக் கவிழ்த்து, சோற்றுக்கூடை இருப்பதுபோல ஆடாமல் மிதித்து ஒவ்வொருவராகத் தாண்டினாய். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. அம்மாவும் நானும் ஐந்தருவி வளைவில் பழக்கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். முதலில் வந்தது சேறு படிந்த ஒரு வெள்ளைப் பைஜாமா. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. இரண்டாவதாக வந்தவர் மில் அண்ணாச்சியின் தம்பி. அவர் வருவதற்குள் நீ தண்ணீர் குடித்து, முகம் கழுவி, பைஜாமாவுக்கு மேலே தாவணி சுற்றி முடித்துவிட்டாய்.

அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். அம்மாவுக்கு அருவியில் குளிக்க ஆசை வந்துவிட்டது. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். எல்லோரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு உன்னைப் பற்றியே கேட்டார்கள். அருவிக்கு அடியில் நின்று ரகசியம் பேச முடியுமா? தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளுக்கும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பெருமை தாங்காமல் அம்மா கத்தினாள்: "வீட்டுக்குத் தூரமா இருக்கும்போதே எம்மவ இந்த ஓட்டு ஓட்டுதா! மத்த நாளா இருந்தா என்ன ஓட்டு ஓட்டியிருப்பா, நினைச்சுப் பாருங்க!"

அந்தத் தண்ணீருக்கு அடியில் மில் அண்ணாச்சியின் மனைவியும் நின்றிருந்தாள்.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. நீ அப்போதும் தள்ளித்தான் நின்றாய், நாலாம் நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று. மில் அண்ணாச்சி எல்லோர் முன்னிலையிலும் உன்னைக் கூப்பிட்டார். "ஏட்டி உலகு, கேக்கதுக்கு மறைக்காமப் பதில் சொல்லு. நீ இன்னைக்கு வீட்டுக்குத் தூரமா?" அத்தனை ஆண்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன், இல்லை என்று சொல்லு, சொல்லு என்று. நீ அவர் முகத்தைப் பார்த்து, "ஆமா அண்ணாச்சி, அதான் தள்ளி நின்னேன்" என்றாய்.

ஆமாவுக்குப் பிறகு நீ சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. சூடம் காட்டிய பந்தயத்தில் தீட்டு கலந்துவிட்டது என்றார்கள். கோயில் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். நீ ஓட்டியதே கணக்கில் இல்லை என்றார்கள். மில் அண்ணாச்சியின் தம்பி சன்னிதிக்குள் போய்க் குனிந்து கோப்பையை எடுத்தார். இரண்டு கையாலும் எடுத்தார் அக்கா, வெட்கமே இல்லாமல். நேற்றுவரை உனக்கு மேளம் அடித்தவன் அவருக்கு மேளம் அடித்தான். அடுத்த வருடத்து நோட்டீசில்தான் முதன்முதலாக அச்சடித்தார்கள், ஆண்கள் மட்டும் என்று.

ஏன் அக்கா ஆமாம் என்றாய்? இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. அவர் கேட்டது கேள்வியா? ஒரு பெண்ணிடம் நடுத்தெருவில் வைத்துக் கேட்கிற கேள்வியா அது? இல்லை என்று சொல்லியிருந்தால் உன்னைச் சோதித்துப் பார்த்திருப்பார்களா? நீ கோபப்பட்டிருக்கலாம். சைக்கிளைத் தூக்கி அவர் காலில் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாய். ஓட்டக்கூட இல்லை. பின்னாலேயே நான் அழுதுகொண்டு வந்தேன்.

அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. கேட்டிருந்தாலாவது அவள் அழுது தீர்த்திருப்பாள். அன்றிலிருந்து அவள் அருவிக்குப் போவதில்லை. விருந்தாளிகள் வந்து கூப்பிட்டாலும், "சளி பிடிக்கும்" என்று வீட்டுக் கிணற்றிலேயே குளித்துக்கொள்கிறாள்.

சென்னைக்கு அனுப்ப அதன் பிறகு சங்கம் கையெழுத்துப் போடவில்லை. சங்கம் கையெழுத்துப் போடாவிட்டால் மாநிலப் பந்தயம் கிடையாது. உன் பந்தய வாழ்க்கை முடிந்த விதம் இதுதான். கால் ஒடிந்து முடியவில்லை, தோற்று முடியவில்லை, உன்னைவிட வேகமான ஒருத்தி வந்தும் முடியவில்லை. உன்னை யாருமே தோற்கடிக்கவில்லை என்பதை ஊர் படிக்கட்டும்.

செங்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். மர டிப்போவில் கணக்கு எழுதுகிற அத்தான் நல்லவர்தான், எதற்கும் பரவாயில்லை என்பதை மலையாள வாடையில் "சாரமில்ல, சாரமில்ல" என்பவர். ஆனால் பந்தயப் பேச்சு எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். நீ அங்கே மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனாய். பிள்ளை பிறந்த பிறகு அதுவும் இல்லை. சீனச் சண்டையெல்லாம் முடிந்து, அரிசிக்கு ஊர் தவித்த காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளாகிக் கிடந்தபோதும் என்னிடம் நீ கேட்டது, "இந்த வருசம் காத்து எப்படிட்டி இருக்கு?" என்றுதான். நல்ல காற்று என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் மிட்வைஃப் படிப்பு படித்தது உன்னால்தான். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. தீட்டு தீட்டு என்று அவர்கள் வாய் ஓயாமல் சொன்னது எது என்று கையை விட்டே பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. இப்போது தென்காசி வட்டாரத்தில் வேலை. சர்க்கார் ஒரு சைக்கிள் கொடுத்திருக்கிறது. மழையானாலும் வெயிலானாலும் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். மில் அண்ணாச்சியின் பேரனை எடுத்ததும் நான்தான். கொடி சுற்றி, நீலம் பாய்ந்து, அழாமல் வந்த பிள்ளை. தட்டித் தட்டி அழவைத்து அவர்கள் கையில் கொடுத்தேன். வீடே சிரித்தது. எனக்குக் காப்பி மட்டும் கொல்லைப்புறத்தில் வைத்துக் கொடுத்தார்கள், தீட்டுப் பட்டவள் என்று.

இந்த மில் அண்ணாச்சிதான் ஜீப் வந்துபோன மறுநாள், அப்பாவும் இல்லாத நம் வீட்டுக்கு வந்தார். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, அம்மாவுக்கு ஒரு சேலை. வயதாகிவிட்டது அவருக்கு, ஆனால் குரல் அப்படியேதான் இருக்கிறது.

"மதினி, உலகம்மா பேருல கோப்பை போட்டாச்சு. மேடையில வைக்க அவ போட்டோ ஒண்ணு வேணும். நீங்களும் வந்து உக்காரணும். பொன்னாடை போத்துதோம்" என்றார் அம்மாவிடம்.

நான் பையை இறக்கிவைக்கக்கூட இல்லை. "அண்ணாச்சி, எங்கக்கா ஓட்டுனதே கணக்குல இல்லன்னீங்க. கணக்குல இல்லாதவ பேருல என்னத்துக்குக் கோப்பை?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழசும்மா. இந்தத் தாலூகாவுலயே பேரு சொல்லுத மாதிரி வேற யாரு ஓட்டுனா? அவ பேரைப் போட்டாத்தான் கூட்டம் வரும்."

"தீட்டு?"

அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். "செத்தவளுக்கு ஏது மதினி தீட்டு? அவ இப்போ தெய்வம் மாதிரில்லா."

அக்கா, அந்த இடத்தில் என் கையில் என்ன இருந்திருந்தாலும் அவர் மேலே போயிருக்கும். உயிரோடு, வியர்வையோடு, காலெல்லாம் சேறோடு அவர்கள் முன்னால் வந்து நின்ற உன்னை வாசலில் நிறுத்தினார்கள். இப்போது நீ புகைப்படம். சாப்பிடமாட்டாய், பேசமாட்டாய், யாரையும் முந்தமாட்டாய். மாலை போட்டால் போட்ட இடத்தில் இருப்பாய். அதனால் தெய்வம். இந்த ஊருக்குப் பெண்கள் இப்படி இருந்தால்தான் பிடிக்கும்போலிருக்கிறது.

"அண்ணாச்சி, உங்க பேரன் எதுல நனைஞ்சு வந்தான்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்தக் கையாலதான் துடைச்சேன். அவனையும் கோயிலுக்குள்ள விடாதீங்க" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. தாம்பாளத்தை எடுத்து அவர் கையில் வைக்கப் போனேன், அம்மா என்னைத் தடுத்தாள். "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள். அவர் போய்விட்டார், சேலை நம் வீட்டில் இருந்தது.

எனக்கு அம்மாமேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என்ன யோசிக்க இருக்கிறது என்று கத்தினேன். பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. அவள் அந்தச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த நாளைப் பற்றிப் பேசினாள்.

"ஏட்டி, அவ கோப்பையைப் பறிச்சது மில்லுக்காரன் இல்ல. என் வாயி. தண்ணிக்கு அடியில நின்னு நான்தான கத்துனேன்? ஒரே ஒரு தடவை அவ பேரைக் கோப்பையில பாத்துட்டா எனக்குப் போதும்ட்டி. அதுக்கப்புறம் நான் நிம்மதியாக் கண்ணை மூடிருவேன்."

இத்தனை நாளும் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், அவள் இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறாள் என்று தெரியாமல். நீ உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்? அவளுக்கு அந்தக் கோப்பை வேண்டும். எனக்கு அதை உடைக்க வேண்டும். இரண்டுமே உனக்காகத்தான்.

மறுநாள் அம்மா தலை சீவி, அந்தச் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மில்லுக்குப் போவோம், வா" என்றாள். சம்மதம் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கூடப் போனேன். தவிட்டுத் தூசி பறக்கிற மில்லுக்குள் எல்லோர் முன்னாலும் நின்று அம்மா பேசினாள். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் அங்கேயும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எம்மவ பேரைப் போடுங்க அண்ணாச்சி, எனக்குச் சந்தோசம்தான். ஆனா பொம்பளைப் பிள்ளைகளும் ஓட்டணும்."

"அது சங்கத்து விதி மதினி. நான் மட்டும் மாத்த முடியுமா?"

"போட்டது நீங்கதான? எம்மவளுக்காகத்தான போட்டீங்க?"

மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அப்போ பேரை எடுத்துருங்க" என்றாள் அம்மா.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது அக்கா. முந்தின நாள்தான் அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று சொன்னவள், தன் வாயாலேயே வேண்டாம் என்கிறாள். அவள் கை பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தது.

மில் அண்ணாச்சி எழுந்து வந்து சமாதானமாகப் பேசினார். "நோட்டீசு அடிச்சாச்சு, ஜீப்பு சுத்தியாச்சு, பெரிய அதிகாரியெல்லாம் வாராங்க. இனி எடுக்க முடியாது மதினி. உலகம்மாங்கறது உங்க வீட்டுப் பேரு மட்டும் இல்ல, ஊருக்குப் பொதுப் பேரு."

அம்மா சேலையை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள். "பேரு பொதுன்னா ரோடும் பொதுதான அண்ணாச்சி?"

அவருக்குப் புரியவில்லை. "ஆமா, சர்க்கார் ரோடுதான்" என்று சிரித்தார். அம்மா என் பக்கம் திரும்பி, "ஏட்டி செண்பகம், ஞாயித்துக்கிழமை உனக்கு டூட்டி உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ சைக்கிளுக்கு எண்ணெய் போடு" என்றாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பந்தய நாள். நேற்றே செங்கோட்டைக்குப் போய் உன் மகளைக் கூட்டிவந்துவிட்டேன். அத்தான் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு, "சாரமில்ல, கூட்டிட்டுப் போ. நனையாமப் பாத்துக்கோ" என்றார். அவளுக்கு உன் கால், நீளமாக இருக்கிறது. அம்மாவும் அவளும் ஐந்தருவியில் நிற்பார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அம்மா அங்கே போகப்போகிறாள்.

மைதீன் அண்ணன் எனக்குத் தைத்த பைஜாமாவை வாங்கி வந்திருக்கிறேன். சங்கத்திடம் நம்பர் கேட்கப்போவதில்லை, பரிசும் வேண்டாம். நான் உன்னைப்போல ஓட்டமாட்டேன் அக்கா, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்குப் பழகாத உடம்பு, சர்க்கார் சைக்கிள் வேறு இரும்புக் குண்டு. கடையத்தில் திரும்பியதும் மூச்சு வாங்கும். எல்லோரும் பரிசு வாங்கி, சோடா குடித்து, மேடையைப் பிரிக்கிற நேரத்தில்தான் நான் வந்து சேருவேன். வந்து சேருவேன். ஒரு பெண் அந்த ரோட்டை முழுதாக ஓட்டி முடிப்பதை உன் மகள் தன் கண்ணால் பார்ப்பாள்.

இனி உனக்கு என் வாக்கு. காலையில் கொடி அசையும் இடத்தில் முன் வரிசையில் நிற்பேன். யாராவது என்னை மறித்து, இன்றைக்கு உனக்கு என்ன நாள் என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். உன் சார்பில் அவர்களுக்கு இனி எந்தப் பதிலும் கிடையாது. வழியை விடுங்க என்று மட்டும் சொல்லுவேன்.

பந்தயம் அறியாத, ஆனாலும் ஓட்டப்போகிற உன் தங்கை,
செண்பகம்